செப்ரிங்ல பிட்டுக்குள்ள வந்த டோனி ப்ரூக்ஸ்

1959 டிசம்பர் 12. அமெரிக்கா, ஃப்ளோரிடா மாநிலம், செப்ரிங். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான தளத்தோட ஓடுபாதையையும் பக்கத்துல இருந்த ரோடுங்களையும் சேர்த்துப் பண்ணின ட்ராக் அது. ஃபார்முலா 1 கார் ரேஸ் சீசனோட கடைசி ரேஸ். உலக சாம்பியன் ஆகற வாய்ப்போட மூணு பேர் நிக்கிறாங்க, ஜாக் ப்ராபம், ஸ்டிர்லிங் மாஸ், டோனி ப்ரூக்ஸ். கொடி இறங்கி முதல் லேப் முடியறதுக்குள்ள ப்ரூக்ஸோட ஃபெராரிய ஒரு கார் பின்னாடிலேந்து வந்து இடிக்குது, இடிச்சது வேற யாரும் இல்ல, அவரோட சொந்த டீம்மேட் வொல்ஃப்காங் ஃபான் ட்ரிப்ஸ். வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா ப்ரூக்ஸ் அந்த லேப் முடிஞ்சதும் நேரா பிட்டுக்குள்ள, அதாவது ட்ராக் ஓரத்துல மெக்கானிக்குங்க காரைப் பார்க்கிற இடத்துக்கு வந்துட்டாரு. மெக்கானிக்குங்க சுத்திப் பார்த்தாங்க, பெருசா ஒண்ணும் ஆகலைன்னு திருப்பி அனுப்பினாங்க. அதுக்குள்ள ரெண்டு நிமிஷத்துக்கு மேல போயிடுச்சு. கடைசில மூணாவதா வந்தாரு, டைட்டில் ப்ராபமுக்குப் போச்சு.

டோனி ப்ரூக்ஸ் பத்தி எங்க பேச்சு வந்தாலும் இந்த ஒரு பிட் ஸ்டாப்லதான் வந்து நிக்கும். "ஐயோ, நிக்காம போயிருந்தா சாம்பியன் ஆகியிருப்பாரே"ன்னு உச்சு கொட்டுவாங்க. எனக்கு இதுல சம்மதமே கிடையாது. அந்த மனுஷன் ஓட்டின எல்லா ரேஸையும் எடுத்து வெச்சுப் பார்த்தா, நான் அவர் மேல ரொம்ப மரியாதை வெக்கிற இடம் அந்த ரெண்டு நிமிஷம்தான். அது ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ப்ரூக்ஸ் 1932 பிப்ரவரி 25ல பொறந்தவர், மான்செஸ்டர் பக்கத்துல டக்கின்ஃபீல்ட்ங்கற ஊர். அப்பா பல் டாக்டர். பையனும் அதே வழியில மான்செஸ்டர் யுனிவர்சிட்டில பல் மருத்துவம் படிக்கப் போனாரு. 1952ல ஒரு ஹீலி சில்வர்ஸ்டோன் கார்ல ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சு, அப்புறம் ஃப்ரேசர் நாஷ், அப்புறம் ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியே கூப்பிட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டக் குடுத்துச்சு. 1955ல ஃப்ரான்ஸ்ல லெ மான்ங்கற ஊர்ல நடந்த 24 மணி நேர ரேஸ், எண்பது பேருக்கு மேல செத்துப்போன அந்தக் கோர விபத்து நடந்த ரேஸ்லயும் இவர் ஒரு ஆஸ்டன் மார்ட்டின்ல ஓட்டினவர்தான். இவ்வளவும் காலேஜ் படிச்சுக்கிட்டே, வார நாள்ல பல்லு, வாரக் கடைசில ரேஸ். பத்திரிகைக்காரங்க பின்னாடி இவருக்கு வெச்ச பேரே ரேஸ் ஓட்டற டென்டிஸ்ட்னு.

1955 அக்டோபர்ல சிசிலில சிராகூஸ் கிராண்ட் ப்ரி. உலக சாம்பியன்ஷிப் கணக்குல வராத ரேஸ், ஆனா மசராட்டி தன்னோட ஃபேக்டரி டீமையே இறக்கியிருந்தது, லூய்ஜி முஸ்ஸோ, வில்லொரேசி, ஹேரி ஷெல்னு பெரிய ஆளுங்க. இங்கிலாந்துலேந்து கனாட்னு ஒரு சின்ன கம்பெனி, சர்ரேல சென்ட்ங்கற ஊர்ல இருந்தது, எப்பவும் பணக் கஷ்டம். கலந்துக்கிட்டாலே ஸ்டார்ட் மணி குடுப்பாங்கங்கறதால ரெண்டு காரை அவ்வளவு தூரம் அனுப்பினாங்க. ஓட்டறதுக்கு ஆள் வேணும், பேர் பெற்ற யாரும் கிடைக்கலை, இந்த பல் டாக்டர் மாணவரைக் கேட்டாங்க, சரின்னாரு. அதுக்கு முன்னாடி அவர் ஃபார்முலா 1 கார்ல ஒரு தடவை கூட ரேஸ் ஓட்டினது இல்ல. ஃபைனல் எக்ஸாம் தலைக்கு மேல நிக்குது, ப்ளேன்ல போகும்போதும் வரும்போதும் பாடப் புத்தகத்தைத்தான் படிச்சிருக்காரு.

போனா காருங்க இன்னும் வந்து சேரலை. ட்ராக்கை எப்படியாவது தெரிஞ்சிக்கணுமேன்னு ஒரு வாடகை ஸ்கூட்டரை எடுத்து சுத்திச் சுத்திப் பார்த்தாரு. கார் வந்த பிறகும் அதிகமா ப்ராக்டிஸ் பண்ண விடலை, எஞ்சின் போச்சுன்னா ஸ்டார்ட் மணியும் போச்சு, அதனால கொஞ்ச லேப்தான். அதுலயே முன் வரிசைல இடம் பிடிச்சாரு. ரேஸ் 70 லேப், ரெண்டு பக்கமும் கான்க்ரீட் சுவர் இருக்கிற ரோடு. ஆரம்பத்துல நிதானமா போயிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா தாண்டி, கடைசில முஸ்ஸோவையும் தாண்டி ஏறக்குறைய ஒரு நிமிஷ வித்தியாசத்துல ஜெயிச்சுட்டாரு. வேகமான லேப்பும் அவரோடதுதான். ஒரு பிரிட்டிஷ் டிரைவர் பிரிட்டிஷ் கார்ல வெளிநாட்டுல ஒரு கிராண்ட் ப்ரி ஜெயிச்சு 31 வருஷம் ஆகியிருந்தது, கடைசியா 1924ல ஹென்றி சீக்ரேவ் சான் செபாஸ்டியன்ல சன்பீம் கார்ல ஜெயிச்சதுதான். அந்த 31 வருஷத்தை ஒரு மத்தியானத்துல முடிச்சு வெச்சவர் முதல் தடவை எஃப் 1 கார்ல உக்கார்ந்த ஒரு 23 வயசுப் பையன். ஊர் திரும்பி எக்ஸாமுக்கு உக்கார்ந்தாரு. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இன்னமும் சிலிர்க்குது.

அதுக்கப்புறம் எல்லா டீமும் தேடி வந்தாங்க. 1956க்கு பிஆர்எம் கூட கையெழுத்து போட்டாரு, கூட ஓட்டறவர் மைக் ஹாதார்ன். பிஆர்எம் பத்தி எஃப் 1 பழைய கதை படிக்கிறவங்களுக்குத் தெரியும், இங்கிலாந்தோட கௌரவம்னு சொல்லி ஆரம்பிச்சு பல வருஷம் மானத்தை வாங்கின டீம். 1956 காருக்கு வேகம் இருந்தது, ஆனா அதை நம்பி ஒரு வளைவுல திரும்ப முடியாது. அந்த வருஷ ஆரம்பத்துலேயே குட்வுட்ல ஹாதார்னை தலைகீழா கவுத்துப் போட்டுச்சு. ஜூலைல சில்வர்ஸ்டோன்ல பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரி. ஓடிக்கிட்டு இருக்கும்போது ப்ரூக்ஸோட காருக்கு த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) இணைப்பு போச்சு, பிட்டுக்கு வந்து சரி பண்ணிக்கிட்டு திரும்பப் போனாரு. ஆபி கார்னர் வேகமா எடுக்கிற வளைவு. அங்க த்ராட்டில் திறந்தபடியே மாட்டிக்கிச்சு. கார் தடம் மாறி, பல்டி அடிச்சு, தீப்பிடிச்சு முழுசா எரிஞ்சு போச்சு. இவர் வெளிய தூக்கி வீசப்பட்டாரு, தாடை உடைஞ்சது. அந்தக் காலத்துல சீட் பெல்ட் கிடையாது. கவுந்தா உள்ள மாட்டிக்கிட்டு எரியறதை விட வெளிய வீசப்படறது மேல்னு டிரைவருங்களே நினைச்ச காலம். அந்த காருக்கு அதை விட நல்ல முடிவு கிடையாது, தன்னைத்தானே கொளுத்திக்கிச்சுன்னு பின்னாடி ப்ரூக்ஸ் சொல்லியிருக்காரு. அவர் கோவமா பேசினதா நான் படிச்ச ஒரே விஷயம் இதுதான்.

இது முதல் பாடம். ரெண்டாவது 1957 லெ மான்ல.

1957 அவருக்கு ரொம்ப நல்லாத்தான் ஆரம்பிச்சது. வான்வால் டீம்ல சேர்ந்தாச்சு, பேரிங் வியாபாரத்துல பணம் பண்ணின டோனி வாண்டர்வெல் நடத்தின டீம், சேசிஸை (காரோட அடிச்சட்டம்) டிசைன் பண்ணினது காலின் சாப்மன், பாடியை ஃப்ராங்க் காஸ்டின், கூட ஓட்டறவர் ஸ்டிர்லிங் மாஸ். மோனகோல அப்ப உலக சாம்பியனா இருந்த ஃபாஞ்சியோவுக்குப் பின்னாடி ரெண்டாவதா வந்தாரு, மூணு மணி நேரம் கியர் போட்டுப் போட்டு உள்ளங்கை தோல் உரிஞ்சு ரத்தமாயிருச்சு. அடுத்த வாரமே நூர்பர்க்ரிங்ல 1000 கிமீ ரேஸ், நோயல் கன்னிங்ஹாம்-ரீட் கூட சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1ல ஜெயிச்சாரு. ஜூன்ல அதே ஜோடி, அதே மாதிரி கார், லெ மான் 24 மணி நேரம். ராத்திரில ரெண்டாவது இடத்துல ஓடிக்கிட்டு இருக்கும்போது கியர் நாலாவதுல சிக்கிக்கிச்சு. ப்ரூக்ஸ் அதை விடுவிக்கப் பார்த்தாரு. டெர்ட்ர் ரூஜ் வளைவு வந்ததும் ஒரு கணம் கண்ணு கியர் மேல போச்சு, அவ்வளவுதான், கார் மண்மேட்டுல ஏறி கவுந்து அவர் மேலயே விழுந்துச்சு. அடியில மாட்டிக்கிட்டு கிடக்கிறாரு, எப்ப தீப்பிடிக்குமோ தெரியாது. பின்னாடி வந்த மக்லியோலியோட போர்ஷே அந்த ஆஸ்டன் மார்ட்டின்ல மோதி, மோதின வேகத்துல காரை இவர் மேலேந்து தள்ளிவிட்டுச்சு. தெய்வாதீனம்னா இதுதான். எலும்பு எதுவும் உடையலை, ஆனா உடம்பு முழுக்க சிராய்ப்பு, தொடைல ஒரு கைமுஷ்டி உள்ள போற அளவுக்கு ஓட்டை.

ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அவர் யோசிச்சதைத்தான் நான் இந்தக் கட்டுரைல சொல்ல வந்தேன். ரெண்டு பெரிய விபத்துலயும் பொதுவா இருந்தது ஒண்ணுதான், பழுதான காரை, இது சரியில்லன்னு தெரிஞ்சும் ரேஸ் வேகத்துல ஓட்டினது. ப்ரூக்ஸ் கத்தோலிக்கர், பேருக்கு இல்ல, உள்ளபடியே நம்பிக்கையோட வாழ்ந்தவர். உயிர் கடவுள் குடுத்தது, ரேஸ்ல இருக்கிற வழக்கமான ஆபத்து வேற, சரியில்லாத வண்டியைத் தெரிஞ்சே விரட்டறது வேற, அது பாவம்னு முடிவு பண்ணினாரு. இனிமே கார்ல கோளாறு இருக்குன்னு சந்தேகம் வந்தா பார்க்காம ஓட்டறது இல்லன்னு தனக்குத்தானே ஒரு வாக்கு. யாருக்கும் அறிவிக்கலை, பேப்பர்ல போடலை. சத்தமில்லாம எடுத்த முடிவு, வயசு 25.

இதைக் கேட்டுட்டு பயந்துட்டாரு போலன்னு நினைக்கிறவங்க அதுக்கு அடுத்த மாசம் என்ன நடந்துச்சுன்னு பார்க்கணும். லெ மான்ல காருக்கு அடியில கிடந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது, 1957 ஜூலை 20, லிவர்பூல் பக்கத்துல எய்ன்ட்ரில பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரி. தொடைக் காயம் ஆறலை, நடக்கறதே கஷ்டம், ஆனா ப்ராக்டிஸ்ல முன் வரிசை. முழு தூரம் ஓட்ட உடம்பு தாங்காதுன்னு அவருக்கே தெரியும், அதனால முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டாங்க, மாஸோட காருக்கு ஏதாவது ஆச்சுன்னா ப்ரூக்ஸ் தன் காரைக் குடுத்துடணும்னு. அப்பல்லாம் அப்படி மாத்திக்கலாம், பாயிண்ட்டைப் பங்கு போட்டுப்பாங்க. நினைச்ச மாதிரியே முன்னாடி போயிட்டிருந்த மாஸோட எஞ்சின் தடுமாற ஆரம்பிச்சது. 26வது லேப்ல ப்ரூக்ஸ் பிட்டுக்கு வந்தாரு, அவரைக் கார்லேந்து தூக்கித்தான் இறக்கினாங்க, மாஸ் தாவி ஏறி ஒன்பதாவது இடத்துலேந்து துரத்த ஆரம்பிச்சாரு. முன்னாடி போயிட்டிருந்த ஜான் பெஹ்ராவோட க்ளட்ச் வெடிச்சு சிதற, அந்தத் துண்டுங்க மேல ஏறி ஹாதார்னுக்கு டயர் போக, மாஸ் ஜெயிச்சுட்டாரு. உலக சாம்பியன்ஷிப் ரேஸ்ல ஒரு பிரிட்டிஷ் கார் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை.

எல்லா போட்டோவுலயும் மாஸ்தான். அவர் ஓட்டினது அசாத்தியம், மறுக்கவே இல்ல. ஆனா அந்தக் காரை 26 லேப் உடையாம, இடத்தையும் ரொம்ப விட்டுடாம, ஆறாத தொடையோட கொண்டு வந்து கையில குடுத்தவர் ஒருத்தர் இருக்காரு. குடுத்துட்டு மாஸோட அரைகுறை காரை எடுத்துக்கிட்டு திரும்ப ட்ராக்குக்கும் போனாரு, அது நின்னு போற வரைக்கும்.

1958 அவரோட உச்சம். அந்த சீசன்ல அவர் ஜெயிச்ச மூணு இடத்தைப் பாருங்க. பெல்ஜியத்துல ஸ்பா, ஜெர்மனில நூர்பர்க்ரிங், இத்தாலில மான்ட்ஸா. அந்தக் காலத்து டிரைவரை எடை போட இதை விட நல்ல மூணு ட்ராக் கிடையாது. வான்வால்ல மாஸ்தான் நம்பர் 1, ப்ராக்டிஸ்ல எந்த எஞ்சின், எந்த சேசிஸ் நல்லா இருக்கோ அதை எடுத்துக்கிற உரிமை அவருக்கு உண்டு, மிச்சம் இருக்கிறதுதான் ப்ரூக்ஸுக்கு. அப்படியும் மூணு.

ஸ்பால முதல் லேப்லயே மாஸ் ஒரு கியரை தவற விட்டு எஞ்சினை உடைச்சுக்கிட்டாரு. அப்புறம் ப்ரூக்ஸும் பீட்டர் காலின்ஸும் மாறி மாறி முன்னாடி, காலின்ஸோட எஞ்சின் சூடாகி அவர் நின்னதும் ப்ரூக்ஸ் தனி. அந்த பழைய ஸ்பா 14 கிமீ, வீடுங்க, மரங்க, தந்திக் கம்பங்க நடுவுல போற பொது ரோடு, அதுல சராசரியே மணிக்கு 200 கிமீக்கு மேல. கடைசி லேப்ல ப்ரூக்ஸோட கியர்பாக்ஸ் இறுகிக்கிட்டே வருது, எப்படியோ கோட்டைத் தாண்டிட்டாரு. ரெண்டாவது வந்த ஹாதார்னோட எஞ்சின் கோட்டுக்குப் பக்கத்துல வெடிச்சது. மூணாவது வந்த ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸோட சஸ்பென்ஷன் உடைஞ்சிருந்தது. இன்னும் ஒரு லேப் இருந்திருந்தா முதல் மூணு பேர்ல ஒருத்தர் கூட முடிச்சிருக்க மாட்டாங்க. காரை எவ்வளவு பிழியலாம், எங்க நிறுத்தணும்ங்கற அந்த அளவு கையில இருக்கிறவங்களைத்தான் நான் பெரிய டிரைவர்னு சொல்லுவேன்.

நூர்பர்க்ரிங் ஆகஸ்ட் 3. ஒரு லேப்பே 22.8 கிமீ. மாஸ் சீக்கிரமே காலி. ஹாதார்ன், காலின்ஸ், ரெண்டு ஃபெராரியும் முன்னாடி, நெருங்கின நண்பர்கள், ஒண்ணா ஊர் சுத்தறவங்க, சேர்ந்தே ஓட்டறாங்க. ப்ரூக்ஸ் முழு டேங்க்ல கார் சரியா நிக்காம ஆரம்பத்துல அரை நிமிஷம் கிட்ட பின்தங்கிட்டாரு. பெட்ரோல் குறையக் குறைய பிடிச்சுக்கிட்டே வந்தாரு. வளைவுல இவர் தாண்டுவாரு, நேர் ரோட்ல ஃபெராரி திரும்ப தாண்டும். கடைசில வளைவுங்கள்லயே போதுமான இடைவெளி எடுத்துட்டாரு. அவரைத் துரத்தும்போது ஃப்ளான்ஸ்கார்டன்ல காலின்ஸோட கார் ரோட்டை விட்டு விலகி கவுந்துச்சு. காலின்ஸ் பிழைக்கலை, வயசு 26. பின்னாடியே வந்த ஹாதார்ன் அதைக் கண்ணால பார்த்தாரு. ப்ரூக்ஸ் மூணு நிமிஷத்துக்கும் மேல முன்னாடி ஜெயிச்சாரு, ஆனா அது கொண்டாடற வெற்றியா இல்ல.

மான்ட்ஸால நடுவுல ஆயில் கசியுதுன்னு பிட்டுக்கு வந்தாரு. பாருங்க, இங்கயும் வந்தாரு, சந்தேகம்னதும் வந்து காட்டிட்டு, பரவாயில்லன்னு தெரிஞ்ச பிறகு போயி, ஒவ்வொருத்தரா பிடிச்சு, க்ளட்ச் வழுக்கிட்டிருந்த ஹாதார்னையும் கடைசில தாண்டி ஜெயிச்சாரு. செப்ரிங்கைப் பத்தி மட்டும் பேசறவங்க இந்த மான்ட்ஸாவை ஏன் மறந்துடறாங்கன்னு எனக்குப் புரியலை. அதே பழக்கம், அதே மனுஷன், ஒரு இடத்துல பலன் கிடைச்சது, இன்னொரு இடத்துல கிடைக்கலை.

அந்த வருஷம் ஹாதார்ன் 42 பாயிண்ட்ல சாம்பியன், மாஸ் 41, ப்ரூக்ஸ் 24ல மூணாவது. மாஸும் ப்ரூக்ஸும் ஆளுக்கு மூணா ஜெயிச்ச ஆறு ரேஸால கார் தயாரிக்கிறவங்களுக்குன்னு முதல் முதலா குடுத்த கன்ஸ்ட்ரக்டர்ஸ் கோப்பை வான்வாலுக்கு. ஆனா அந்த வருஷத்தோட கணக்கை பாயிண்ட்டுல மட்டும் எழுத முடியாது. ஜூலைல ரீம்ஸ்ல முஸ்ஸோ, ஆகஸ்ட்ல காலின்ஸ், கடைசி ரேஸ் மொராக்கோல லூயிஸ்-எவன்ஸ் தீக்காயத்தோட ஊர் திரும்பி ஆறு நாள்ல செத்துப்போனாரு. வாண்டர்வெல் மனசும் உடம்பும் ஒடைஞ்சு ஜனவரில டீமை இழுத்து மூடிட்டாரு. சாம்பியனான கையோட ரிட்டயர் ஆன ஹாதார்ன் அதே ஜனவரில கில்ட்ஃபோர்ட் பைபாஸ்ல சாதாரண ரோடு விபத்துல போயிட்டாரு. ப்ரூக்ஸ் கூட க்ரிட்ல, ரேஸ் கிளம்பற வரிசைல, நின்னவங்க இப்படி ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போயிட்டே இருந்தாங்க. உயிர் பத்தி அவர் எடுத்த முடிவை இதையெல்லாம் தள்ளி வெச்சுட்டு படிச்சா அது வெறும் ஜாக்கிரதையாத்தான் தெரியும்.

1959ல ஃபெராரி. முன் எஞ்சின் டினோ 246, எதிர்ல எஞ்சினைப் பின்னாடி வெச்ச ப்ராபமோட சின்ன கூப்பர் கார். காலம் மாறிட்டிருந்த வருஷம். குறுகலான ட்ராக்ல கூப்பரைப் பிடிக்கவே முடியாது, நீளமான வேகமான ட்ராக்ல ஃபெராரி. மோனகோல காக்பிட்டுக்குள்ள புகையும் சூடும் தாங்காம ஓட்டும்போதே வாந்தி எடுத்துக்கிட்டு ரெண்டாவது வந்தாரு. ஃப்ரான்ஸ்ல ரீம்ஸ்ல போல், அதாவது க்ரிட்ல முதல் இடம், தார் உருகி கல்லு பறந்த வெயில்ல, ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் முன்னாடியே இருந்து ஜெயிச்சாரு. ஆகஸ்ட்ல பெர்லின் ஆவுஸ்ல ஜெர்மன் கிராண்ட் ப்ரி, ரெண்டு நேர் ரோடும் ஒரு முனைல செங்கல் பதிச்ச செங்குத்தான சாய்வு வளைவும், தடுப்புச் சுவர் கூட இல்ல. முந்தின நாள் ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ்ல பெஹ்ரா அந்த வளைவோட மேல் விளிம்பைத் தாண்டிப் போய் உயிரை விட்டாரு. மறுநாள் ரேஸை ரெண்டு ஹீட்டா, அதாவது ரெண்டு பகுதியா நடத்தினாங்க, ப்ரூக்ஸ் ரெண்டையும் ஜெயிச்சாரு.

இப்ப டைட்டில் எங்க போச்சுன்னு நான் நினைக்கிறதைச் சொல்றேன். பெல்ஜியம் கிராண்ட் ப்ரி அந்த வருஷம் நடக்கவே இல்ல, ரத்து. முந்தின வருஷம் ஸ்பால ஜெயிச்சவர் இவர், அது ஃபெராரிக்குன்னே போட்ட மாதிரி ட்ராக். பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரிக்கு இத்தாலில தொழிலாளர் ஸ்ட்ரைக்கால ஃபெராரி வரவே இல்ல. வாண்டர்வெல் ஒரு பழைய வான்வாலைத் தட்டி எடுத்துக் குடுத்தாரு, அது பாதில நின்னு போச்சு, ப்ராபம் ஜெயிச்சு 8 பாயிண்ட் அள்ளிக்கிட்டாரு. மான்ட்ஸால, ஃபெராரி சொந்த மண்ணுல, ப்ரூக்ஸோட கார் முதல் லேப்பைக் கூட முடிக்கலை. இந்த மூணும் அவர் கையில இல்லாத விஷயம். இதுல ஒண்ணு மட்டும் சரியா நடந்திருந்தா செப்ரிங்குக்கு வேற கணக்கோட வந்திருப்பாரு.

சரி செப்ரிங்கையே எடுத்துப்போம். ப்ராபம் 31, மாஸ் 25.5, ப்ரூக்ஸ் 23. க்ரிட்லயே ஒரு தகராறு, ஹேரி ஷெல்லுக்கு திடீர்னு ஒரு நல்ல டைம் கணக்குல ஏறி அவர் முன் வரிசைக்கு வர, ப்ரூக்ஸ் ரெண்டாவது வரிசைக்கு இறங்கிட்டாரு. ஃபெராரிக்காரங்க கத்திப் பார்த்தாங்க, எடுபடலை. முன் வரிசைலேந்து கிளம்பியிருந்தா ஃபான் ட்ரிப்ஸ் மூக்குக்கு நேரா இருந்திருக்கவே மாட்டாரேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். அஞ்சாவது லேப்ல மாஸோட கியர்பாக்ஸ் போச்சு. கடைசி லேப்ல முன்னாடி போயிட்டிருந்த ப்ராபமுக்கு பெட்ரோல் தீர்ந்து, இறங்கி காரைத் தள்ளிக்கிட்டு கோட்டைத் தாண்டி நாலாவது. ஜெயிச்சது 22 வயசு ப்ரூஸ் மெக்லாரன், ரெண்டாவது மொரீஸ் ட்ரின்டின்யான், ஒரு நொடி கூட வித்தியாசம் இல்ல. ப்ரூக்ஸ் மூணு நிமிஷம் பின்னாடி மூணாவது.

அந்த வருஷம் சிறந்த அஞ்சு ரேஸ் பாயிண்ட்தான் சேரும், வேகமான லேப்புக்கு ஒரு பாயிண்ட். ப்ரூக்ஸ் செப்ரிங்ல வெறுமனே ஜெயிச்சா 31, ப்ராபமுக்கு சமம். தெளிவா தாண்டணும்னா ஜெயிக்கவும் செய்யணும் வேகமான லேப்பும் எடுக்கணும், அப்பதான் 32. பிட்ல போன நேரத்தை அப்படியே திருப்பிக் குடுத்தாலும் மெக்லாரனைப் பிடிக்க இன்னும் நேரம் மிச்சம் இருக்கு. ஆமா, ரேஸ்ங்கறது கழிச்சுக் கூட்டற கணக்கு இல்ல, முன்னாடி இருந்தா வேற மாதிரி ஓட்டியிருப்பாரு, கூப்பர்காரங்களும் வேற மாதிரி ஓட்டியிருப்பாங்க. ஆனா கையில இருந்த டைட்டிலை பிட்ல விட்டுட்டாருன்னு சொல்றது பொய். டைட்டில் அவர் கையில இல்லவே இல்ல, எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.

அதுக்காக அந்த முடிவு சுலபமா இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. அவரே சொல்லியிருக்காரு, அப்படியே ஓட்டிட்டுப் போயிடணும்னுதான் உடம்பு முழுக்க துடிச்சதுன்னு. வாழ்க்கைல முதல் தடவையா உலக டைட்டில் கண்ணுக்கு முன்னாடி, பின்னாடி ஏதோ இடிச்சிருக்கு, வீல் வளைஞ்சிருக்கா, சஸ்பென்ஷன் நொறுங்கியிருக்கான்னு உள்ள உக்கார்ந்துக்கிட்டு தெரியாது. நூத்துல தொண்ணூத்தொம்பது டிரைவருங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு போயிருப்பாங்க, நாமளும் வீரம்னு எழுதியிருப்போம். ஆஸ்பத்திரில தனியா தனக்கு குடுத்துக்கிட்ட வாக்கு, மீறினா கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது, மீற இதை விடப் பெரிய காரணமும் வேற கிடைக்காது, அப்பவும் அவர் ஸ்டியரிங்கை பிட் பக்கம் திருப்பினாரு. ஸ்பால 200 கிமீ வேகத்துல மரங்களுக்கு நடுவுல போனதை விட இதுக்கு நெஞ்சுரம் அதிகமா வேணும்னு நான் மனசார நம்பறேன்.

அப்புறம் ரெண்டு வருஷம் சுமார்தான், நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல. ஃபெராரிய விட்டுட்டு இங்கிலாந்துல குடும்பத்தோட இருக்கணும்னு வந்தாரு, 1960ல யோமன் க்ரெடிட் டீம்ல கூப்பர், 1961ல திரும்ப பிஆர்எம், க்ரஹாம் ஹில் கூட. எய்ன்ட்ரில மழைல நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரில வேகமான லேப் எடுத்தாரு, கை மட்டும் மழுங்கலைன்னு காட்டற மாதிரி. அக்டோபர்ல வாட்கின்ஸ் க்ளென், அமெரிக்கன் கிராண்ட் ப்ரி, மூணாவது வந்தாரு, அதோட நிறுத்திட்டாரு. வயசு 29. மொத்தம் 38 ரேஸ், அதுல ஆறு வெற்றி. மாஸ் உயிரோட இருந்த காலத்துல, வெளி உலகத்துக்குத் தெரியாத டிரைவருங்கள்லயே பெரியவர் ப்ரூக்ஸ்தான்னு சொன்னாரு, நான் ஒரு டீம் நடத்தினா ஜிம் க்ளார்க்கையும் டோனி ப்ரூக்ஸையும்தான் எடுப்பேன்னும் சொல்லியிருக்காரு. ஃபாஞ்சியோ கூடவும் க்ளார்க் கூடவும் சக்கரத்தோட சக்கரம் ஓட்டின மனுஷன் சொன்னது அது.

பல் டாக்டர் வேலைக்கு அவர் திரும்பலை. சர்ரேல வெய்பிரிட்ஜ்ல, பழைய ப்ரூக்லண்ட்ஸ் ட்ராக் இருந்த ஊர்ப் பக்கம், கார் விக்கிற கராஜ் ஒண்ணை வளர்த்து பெருசாக்கினாரு, அஞ்சு குழந்தைங்களை வளர்த்தாரு. 2022 மே 3ல 90 வயசுல இறந்தப்போ, 1950கள்ல கிராண்ட் ப்ரி ஜெயிச்சவங்கள்ல உயிரோட மிச்சம் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். வயசான காலத்துல பேட்டி எடுத்தவங்க எல்லாரும் தவறாம செப்ரிங்கைக் கேட்டிருக்காங்க. ரெண்டு தடவை பழுதான காரால சாவு வரைக்கும் போயிட்டு வந்தேன், மூணாவது தடவை அதே தப்பைப் பண்ண எனக்கு உரிமை இல்லன்னு நினைச்சேன், அதனாலதான் நிறுத்தினேங்கறதுதான் சாரம். வருத்தம் இருந்துச்சுன்னு மறைச்சதில்ல. ஆனா முடிவை மாத்தியிருப்பேன்னு ஒரு தடவை கூட சொன்னதில்ல.